கயெத்தான் விழவேண்டிய வெள்ளிக்கிழமை

"நாளைக்கு நீங்க விழணும்ப்பா," என்றாள் நொயெமி.

காப்பிக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோன கயெத்தான் அப்படியே நிறுத்தினார்.

"எங்கே?"

"கால்வாய்லதான்."

"யாரு தள்ளி?"

"கப்பல்ல வர்ற ஒரு பயணி."

கயெத்தான் கிண்ணத்தை மேசையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார், இருந்தும் அடியில் இருந்த தட்டு இரண்டாக உடைந்தது. நூற்றிருபது கிலோ எடையுள்ளவர்கள் மெதுவாக வைத்தாலும் அப்படித்தான் ஆகும்.

பிரான்சின் தென்கடற்கரையில், எங்கள் சேத் நகரத்தில் குழந்தைக்கு நடை வருவதற்கு முன்னால் படகுச் சண்டை வந்துவிடும். இரண்டு நீளப் படகுகள் எதிரும் புதிருமாக வரும். ஒவ்வொன்றின் வால்பக்கத்திலும் ஓர் உயரமான பரண். பரண் நுனியில் வெள்ளை உடுப்பும் வைக்கோல் தொப்பியுமாக ஒருவர், ஒரு கையில் கேடயம், மறு கையில் நீளமான மரக்கழி. படகுகள் ஒன்றையொன்று கடக்கும் நொடியில் கழி எதிரியின் கேடயத்தில் பாயும். யாராவது ஒருவர் தண்ணீருக்குப் போவார், மற்றவர் அன்று இரவு சந்தோஷமாகச் சாப்பிடுவார். கயெத்தான் பத்தொன்பது வருஷமாகச் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்.

"முடியாது," என்றார்.

"இது போட்டி இல்லப்பா. எங்க ஆபீஸ்ல ஏற்பாடு பண்ணின ஒரு வேடிக்கை. கப்பல் எட்டு மணிக்கு வருது, அஞ்சு மணிக்குப் போயிடுது. நடுவுல ஒரு பயணி நம்ம ஊர் வீரரோட மோதுறாரு. ஜெயிச்சா சந்தோஷமா ஊர் திரும்புவாரு."

"அந்த மோரிஸைக் கூப்பிடு. அவன் காத்தடிச்சாலே விழுவான்."

"உங்களைத்தான் கேட்டாங்க."

"யாரு கேட்டா?"

நொயெமி குனிந்து உடைந்த தட்டைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்தும் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே, "அந்த மனுஷன் மனசு குளிர்ந்து போகணும்ப்பா. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு," என்றாள்.

கயெத்தானுக்குச் சுருக்கென்றது. நொயெமி சுற்றுலா அலுவலகத்தில் இருக்கிறாள். நிரந்தர வேலை இல்லை, ஜூன் மாதத்தோடு முடிகிறது. போன வருஷம் பயிற்சி என்று நாலு மாதம் வெளியூருக்கெல்லாம் போய்விட்டு வந்தாள். அப்படிப் பாடுபட்ட பெண்ணுக்கு ஒரு கப்பல்காரனின் முகச்சுளிப்பால் வேலை போவதா? இருபத்தேழு வயதுப் பெண் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறாள். அப்பன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

"எந்த ஊர்க்காரன்?"

"இத்தாலிப் பக்கம்."

"இத்தாலின்னா பரவாயில்ல. நம்ம பாட்டனும் அங்கேருந்து மீன் பிடிக்க வந்தவன்தானே."

இத்தாலியில் எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை சமையலறையிலேயே முடிந்திருக்கும்.

"விழறேன்," என்றார் கடைசியில். "ஆனா ஊர் நடுவுல இல்ல. பெரிய கால்வாய்ல ஒவ்வொரு காப்பிக் கடையும் நாற்காலி போட்டு உக்காந்திருப்பான். ஸ்டேஷனுக்குப் பின்னாடி, தூக்குப் பாலத்தைத் தாண்டி வச்சுக்கலாம். அங்க நாய்கூட வராது. உங்கம்மாவுக்கும் தெரியக்கூடாது."

"சரிப்பா!" நொயெமி எழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கப்பல் கம்பெனிக்காக ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் பெண் கட்டிக்கொள்ளும்போது யோசிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அன்று மத்தியானம் அவர் செய்த தப்பு, பசியோடு கார்மேலாவின் கடைக்குப் போனது. பேய்க்கணவாயைத் தக்காளியும் மிளகாயுமாக வதக்கி ரொட்டிக்குள் பொதிந்து சுடுகிற திய்யெல், எங்கள் ஊரில் கார்மேலா சுடுவதுதான் உயர்ந்தது. ஊர்ச் செய்தியும் அங்கேதான் சுடச்சுடக் கிடைக்கும்.

"நாளைக்குக் கப்பல்காரங்களுக்கு ஏதோ படகுச் சண்டையாமே?" என்றாள் கார்மேலா.

"இல்ல. ரத்து."

"அடடா. ஏன்?"

"ஏன்னு எனக்கெப்படித் தெரியும்? நாளைக்கு எங்கேயும் எதுவும் இல்ல. ஸ்டேஷனுக்குப் பின்னாடியும் இல்ல."

கார்மேலா திய்யெலைக் காகிதத்தில் சுற்றுவதை நிறுத்தினாள்.

"ஸ்டேஷனுக்குப் பின்னாடி எதுவும் இல்லையா?"

"இல்லவே இல்ல. பதினோரு மணிக்கு யாரும் அந்தப் பக்கம் வரவேண்டாம்."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். கயெத்தான் உலையைத் தானே பற்றவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சாயங்காலத்துக்குள் மீன் ஏலக்கூடத்தில் செய்தி முதிர்ந்துவிட்டது. கயெத்தானின் பத்தொன்பது வருஷப் பெருமையை உடைக்க எங்கிருந்தோ ஒரு பயில்வான் கப்பலேறி வருகிறான், யாருக்கும் தெரியாமல் ஸ்டேஷனுக்குப் பின்னால் மோதல், ஊர் மானம் காக்க நம் ஆள் தனியாகப் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கப்பல் வந்தது. எங்கள் தேவாலயத்தை இரண்டாக அடுக்கினாலும் அதன் உயரம் வராது. துறைமுகத்தில் கயெத்தானின் வேலை, கப்பலிலிருந்து வீசுகிற வடத்தை வாங்கிக் கரையில் இருக்கிற இரும்புக் கட்டையில் மாட்டுவது. தன்னைக் கவிழ்க்கப் போகிறவனைத் தன் கையாலேயே கட்டிக் கரை சேர்த்த வீரர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆட்கள் மடக்கு நாற்காலிகளோடு நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஸ்டேஷன் பக்கமாகவே நடந்தார்கள்.

"எங்கே போறீங்க?" என்று ஒரு கிழவரை மறித்துக் கேட்டார்.

"எங்கேயும் இல்லப்பா," என்று கிழவர் கண்ணடித்தார். "நீ தைரியமா நில்லு. ஊரே உன் பின்னால இருக்கு."

கயெத்தானுக்கு வியர்த்தது. ஒருவர் பார்க்க விழுந்தாலே கஷ்டம், இதில் ஊரே பின்னால் நின்றால் என்ன செய்வது? அப்போதுதான் மச்சான் துசான் நினைவுக்கு வந்தான். மனைவி மிரேயின் தம்பி அவன். ஸ்டேஷன் பக்கத்துத் தூக்குப் பாலத்தை ஏற்றி இறக்குகிற உத்தியோகம்.

"மச்சான், ஒரு உதவி," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "பத்தரை மணிக்குப் பாலத்தைத் தூக்கு. நான் சொல்றவரைக்கும் இறக்காதே."

"என்ன காரணம் சொல்றது மாமா?"

"ரிப்பேர்னு சொல்லு. பாலம் மேலே இருந்தா இந்தக் கூட்டம் அந்தப் பக்கம் வரமுடியாதுல்ல."

"மாமா மூளையே மூளை!" என்றான் துசான்.

பத்தரைக்குப் பாலம் ஏறியது. மாமாவின் மூளை எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்தது. நடந்து வந்தவர்கள் பாலத்தடியில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கார்கள் நின்றன, மீன் வண்டிகள் நின்றன, முப்பத்தாறாம் எண் பஸ் நின்றது. ஊர் சுற்றிக்காட்டக் கப்பல் பயணிகளை ஏற்றிப் போன மூன்று சொகுசுப் பேருந்துகளும் நின்றன. நிற்கிற வண்டியில் எவ்வளவு நேரம்தான் உட்காருவார்கள்? எல்லோரும் இறங்கிக் கரைக் கம்பியோரம் வரிசையாக நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற கால்வாய் உள்ளங்கை மாதிரி தெரியும். பெரிய திருவிழாவுக்குக்கூட இவ்வளவு நல்ல இடம் யாருக்கும் கிடைத்ததில்லை.

அழைக்காமலே மேளக்காரரும் நாயனக்காரரும் படகேறி வந்து சேர்ந்தார்கள். "எங்களை விட்டுட்டுச் சண்டையா?" என்று கயெத்தானிடம் கோபித்துக்கொண்டார்கள். படகுச் சண்டைச் சங்கத்து நடுவர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, கையில் ஒலிபெருக்கியோடு ஆஜரானார்.

நொயெமி விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். துடுப்பு மாதிரி ஒல்லியாக, அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். இரவல் வாங்கிய வெள்ளை உடுப்பு அவர்மேல் காற்றாடியது. பக்கத்தில் அவர் மனைவி, தோளில் ஒரே ஒரு பெரிய துண்டோடு.

"ஆல்விஸே," என்று அவர் தம் பெயரைச் சொல்லி, ரிப்பன் கட்டிய ஒரு பிஸ்கட் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பாட்டன் பாஷை இன்னும் நாக்கில் இருப்பதால் பேச்சுக்குத் தடையில்லை. "வீட்டுக்கு. ரொம்ப எதுவும் இல்லைங்க. தப்பா நினைக்கக்கூடாது."

கயெத்தான் நெகிழ்ந்துபோனார். தான் அடிக்கப் போகிறவனுக்குப் பலகாரம் கொண்டுவருகிற மனுஷன் கோடியில் ஒருவன். இவருக்காக விழலாம், தப்பில்லை என்று நினைத்தார்.

"உங்களுக்கு இடுப்பு வலி, முட்டி வலி எதுவும் இல்லையே?" என்று ஆல்விஸே கவலையோடு விசாரித்தார். "தண்ணி ரொம்பக் குளிருமோ?"

"நமக்கென்னங்க, தண்ணியிலேயே பொறந்தவங்க. உங்களுக்குப் படகு பழக்கமா?"

"நாப்பது வருஷம் பயணிப் படகு ஓட்டினேன். அதுக்கு முன்னாடி, சின்ன வயசுலேருந்தே நின்னுக்கிட்டே துடுப்புப் போட்டுப் பழக்கம்."

"அப்படியா! எந்த ஊர்ல?"

"வெனிஸ்."

கயெத்தானின் கையிலிருந்த பெட்டி நசுங்கியது.

எங்கள் ஊருக்கு வருகிற ஒவ்வொரு வெளியூர்க்காரரும் கால்வாயைப் பார்த்ததும், "அட, குட்டி வெனிஸ்!" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் யாருக்கும் குட்டி இல்லை. எங்கள் கால்வாயில் மீன்பிடிப் படகு போகிறது, சூரை வருகிறது, சண்டை நடக்கிறது. அவர்கள் கால்வாயில் புகைப்படம் எடுக்கிறார்கள். வெனிஸ் வேண்டுமானால் பெரிய சேத்தாக இருந்துவிட்டுப் போகட்டும். இதை முதலில் சொன்னது கயெத்தானின் அப்பா என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள்; வேறு பத்து வீடுகளிலும் சொல்வார்கள்.

கயெத்தான் மகளைத் தனியே இழுத்துப் போனார்.

"வெனிஸ்காரனா?"

"இத்தாலின்னு சொன்னேனேப்பா."

"வெனிஸ்காரன்கிட்ட விழுந்துட்டு நான் இந்த ஊர்ல எந்தக் கடையில போய் ரொட்டி வாங்குவேன்? உங்க தாத்தா கல்லறைக்கு எந்த மூஞ்சியோட போவேன்? என் மானம் அந்தக் கப்பல்லயே ஏறிப் போயிடும்டி!"

"வாக்குக் குடுத்திருக்கீங்கப்பா."

அதற்குள் ஆல்விஸேயின் மனைவி அருகில் வந்து, நொயெமியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். இந்தக் கப்பல் பயணிகள் காசு கொடுத்து வந்துவிட்டால் ஊரையே சொந்தமாக்கிக்கொள்கிறார்கள் என்று கயெத்தான் பல்லைக் கடித்தார்.

வாக்கு வாக்குதான். ஆனால் விழுவது கயெத்தான் என்று தெரியாமல் விழ ஒரு வழி இருந்தால்? இங்கேதான் அவருக்கு மூன்றாவது யோசனை வந்தது. ஊர் முழுக்க அவரைச் சிவப்புப் படகில்தான் தேடும். முப்பத்தோரு வருஷமாக அவர் சிவப்பைத் தவிர வேறு படகில் கால் வைத்ததில்லை. நீலப் படகில் ஏறித் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டால், தூரத்தில் நிற்கிறவனுக்கு யாரோ ஒரு தடியன் விழுந்ததாகத்தானே தெரியும்?

"நீங்க சிவப்புல ஏறுங்க," என்று ஆல்விஸேயிடம் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு நீலப் படகின் பரணில் ஏறினார்.

ஏன் முப்பத்தோரு வருஷமாகச் சிவப்பு என்பதை அவர் அந்த அவசரத்தில் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் கல்யாணமானவனுக்குச் சிவப்புப் படகு, ஆகாதவனுக்கு நீலம். பாட்டன் காலத்து வழக்கம். சிவப்பிலிருந்து ஒருவன் நீலத்துக்கு மாறினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும், மனைவி செத்திருக்க வேண்டும் அல்லது போயிருக்க வேண்டும்.

கரையில் சத்தம் அடங்கியது. மேளம் நின்றது. நூற்றிருபது கிலோவை ஒரு வைக்கோல் தொப்பி மறைக்கும் என்று கயெத்தானைத் தவிர யாரும் நம்பவில்லை.

"ஐயய்யோ," என்று கார்மேலாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "கயெத்தான் மிரேயைத் தள்ளி வச்சுட்டானா?"

அடுத்த நொடி பாலத்து ஒலிபெருக்கி கரகரத்தது. வண்டிகளை எச்சரிக்க வைத்திருந்த ஒலிபெருக்கி அது, அரை ஊருக்குக் கேட்கும்.

"மாமா! நீலப் படகுல என்ன வேலை? எங்க அக்கா என்ன ஆனா?"

"வாயை மூடுடா!" என்று கயெத்தான் பரணிலிருந்து கத்தினார்.

"இதுக்குத்தான் பாலத்தைத் தூக்கச் சொன்னீங்களா? அக்கா இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னா? எங்க வீட்டுப் பொண்ணு என்ன அநாதையா?"

ஊர் "உஉஉ" என்றது. கப்பல் பயணிகள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

மிரேய் சந்தையில் சிப்பிக் கடை வைத்திருக்கிறாள். செய்தி அவளை எட்ட ஏழு நிமிஷம் பிடித்தது, அவள் கால்வாயை எட்ட மூன்று நிமிஷம். யாரோ ஒரு மீனவர் தன் படகில் ஏற்றிக்கொண்டுவந்து நேராக நீலப் படகின் பக்கத்தில் நிறுத்தினார். சிப்பி உடைக்கிற கத்தி அவள் கையிலேயே இருந்தது.

"யோவ் கயெத்தான்! எவய்யா அவ?"

"எவளும் இல்லடி!"

"எவளும் இல்லாமலா நீலம்? ஊருக்கே சொல்லிட்டு எனக்குக் கடைசியில சொல்றியா? காலையில நான் போட்ட முட்டையைத் தின்னுட்டுத்தானேய்யா போனே?"

"அடியே, சத்தியமா ஒண்ணுமில்ல. கொஞ்சம் பொறு, பத்து நிமிஷத்துல விழுந்துட்டு வந்து சொல்றேன்!"

"விழுந்துட்டா?" மிரேயின் கத்தி தாழ்ந்தது. இதுதான் அவளை உண்மையிலேயே பயமுறுத்தியது. "நீ எதுக்கு விழணும்? உடம்புக்கு என்ன?"

அதற்குள் நடுவருக்குப் பொறுமை போய்விட்டது. "குடும்ப வழக்கைக் கரையில வச்சுக்குங்க. முதல் சுற்று!" என்றார்.

மேளம் முழங்கியது. துடுப்புகள் விழுந்தன. இரண்டு படகும் நெருங்கின. கயெத்தான் கேடயத்தை நன்றாக விரித்துக் காட்டிக்கொண்டு, கழியை வானத்துக்கு ஏற்றினார். அடி, தாராளமாக அடி என்று கண்ணை மூடி மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது சிவப்புப் படகு கடந்துபோயிருந்தது. ஆல்விஸேயும் கழியை வானத்துக்குத்தான் ஏற்றியிருந்தார்.

ஊர் சீழ்க்கை அடித்தது.

'பாவம், புதுசு,' என்று கயெத்தான் நினைத்துக்கொண்டார். 'இன்னும் சுலபமாக்கித் தரணும்.'

இரண்டாம் சுற்றில் படகுகள் நெருங்கும்போது கை நழுவியது போலக் கழியைத் தண்ணீரில் போட்டார். கழி இல்லாதவனைக் குழந்தைகூடத் தள்ளிவிடும். கயெத்தானின் கழி தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்ட மறுகணமே இன்னொரு சத்தம் கேட்டது. ஆல்விஸேயும் தம் கழியைப் போட்டுவிட்டார். மாடிப்படியில் சந்திக்கிற பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருவரும் தலையசைத்துக்கொண்டு கடந்தார்கள்.

"உங்களுக்குத் தள்ளத் தெரியுமா, தெரியாதா?" என்று கயெத்தான் பல்லிடுக்கில் கேட்டார்.

"நீங்க முதல்ல தள்ளுங்க ஐயா, உங்க ஊரு," என்றார் ஆல்விஸே பணிவாக.

"விருந்தாளி நீங்கதான் முதல்ல!"

"அதெப்படிங்க, மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல!"

நடுவர் முகம் சிவந்துவிட்டது. "முந்நூறு வருஷ விளையாட்டு இது! கேலிக்கூத்து பண்ணினா ரெண்டு பேரையும் விலக்கிடுவேன். கயெத்தான், இந்த வருஷத் திருவிழாவுல உன் பேரே இருக்காது. கடைசிச் சுற்று! கழி கேடயத்தில் பட்டே ஆகணும்."

மூன்றாவது முறை படகுகள் பாய்ந்தன. இந்தத் தடவை இரண்டு கழிகளும் இரண்டு கேடயங்களிலும் சரியாகப் பதிந்தன. இப்போது விழவேண்டியதுதான். கயெத்தான் மனதாரத் தயாராக இருந்தார். உடம்பைக் கேட்கத்தான் மறந்துவிட்டார். கேடயத்தில் அடி விழுந்ததும் வலது கால் தானாகப் பின்னால் ஊன்றியது, இடுப்பு தானாகத் தாழ்ந்தது, தோள் பாறையானது. நாற்பது வருஷமாக ஆயிரம் அடி வாங்கிப் பழகிய உடம்பு, எஜமான் பேச்சைக் கேட்க மறுத்தது.

எதிரே ஆல்விஸேயும் அசையவில்லை. பிள்ளைப் பிராயத்திலிருந்து ஆடுகிற படகில் நின்றே வாழ்ந்த கால்கள் அவை. அந்த ஒல்லி உடம்பு வளைந்தது, ஆனால் நகரவில்லை. இரண்டு கழிகளும் வில்லாக வளைந்து, படார் என்று ஒரே நேரத்தில் முறிந்தன. இருவரும் பரணில் நின்றார்கள்.

பிறகு எழுந்த ஆரவாரத்தில் பாலத்து மேல் உட்கார்ந்திருந்த கடல்காகங்கள் மொத்தமாகப் பறந்தன. மேளக்காரர் கை வலிக்க அடித்தார். "கயெத்தான்! கயெத்தான்!" என்று இரண்டு கரையும் கத்தியது. மிரேய்கூடக் கத்தியோடு கையைத் தூக்கி, "அவரு என் புருஷன்!" என்று அக்கம்பக்கத்துக்கு அறிவித்தாள்.

கயெத்தானின் நெஞ்சு விம்மியது. ஐம்பத்தாறு வயதில், தன் ஊர்க் கால்வாயில், இரண்டு கழியும் முறிந்த பிறகும் நிற்கிற ஆள். இதைவிடப் பெருமை ஒருவனுக்கு வேண்டுமா? அவருடைய அப்பாவுக்குக்கூட இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. இதே இடத்தில் செத்துப்போனாலும் சரி என்று இருந்தது.

அப்போதுதான் அவர் கண் கரையோரம் நின்ற நொயெமிமேல் பட்டது. ஊரில் அவள் ஒருத்திதான் கை தட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சிவப்புப் படகையும் நீலப் படகையும் மாறி மாறிப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

பத்தொன்பது வருஷம் பெரிசுதான். அப்பாவின் பெயர் பெரிசுதான். ஆனால் இந்தப் பெண் முதல் அடி எடுத்துவைத்தபோது விழாமல் பிடித்தவர் அவர். இன்றைக்கு அவள் விழாமல் இருக்கத் தான்தான் விழவேண்டும் என்றால், விழவேண்டியதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கயெத்தான் தொப்பியைக் கழற்றினார். இனி ஒளிய வேண்டாம், விழுகிறவன் யார் என்று ஊர் நன்றாகப் பார்க்கட்டும். கேடயத்தைக் கீழே இருந்த துடுப்புக்காரனிடம் கொடுத்தார். யாரும் தொடாமல், யாரும் தள்ளாமல், பரண் நுனியிலிருந்து நேராகத் தண்ணீரில் குதித்தார்.

நூற்றிருபது கிலோ குதித்தால் சத்தம் ஒன்றுதான் வரவேண்டும். இரண்டு வந்தது.

அவர் தலையை வெளியே நீட்டியபோது நாலு முழத் தூரத்தில் ஆல்விஸேயின் தலையும் முளைத்தது. மீசையிலிருந்து கால்வாய் சொட்டியது. துசான் பாலத்தை இறக்கவும் மறந்து நின்றான். நொயெமி அழுகையை நிறுத்திவிட்டிருந்தாள்.

"யோவ், நீங்க எதுக்குய்யா குதிச்சீங்க?" என்றார் கயெத்தான் நீந்திக்கொண்டே.

"கட்டாயம் விழணும்னு எனக்கு வீட்டு உத்தரவு," என்றார் ஆல்விஸே மூச்சு வாங்க. "ரெண்டு மாசமாச் சொல்லிச் சொல்லி அனுப்பினான் என் பையன். நீங்க எதுக்குக் குதிச்சீங்க?"

"எனக்கும் வீட்டு உத்தரவுதான். என் பொண்ணு..." என்று ஆரம்பித்த கயெத்தான் நிறுத்தினார். "உங்க பையனா? உங்க பையனுக்கு இதுல என்னய்யா?"

ஆல்விஸே கரையைப் பார்த்தார். கரைப் படிக்கட்டில் அவர் மனைவி, ஒரு கையால் நொயெமியை அணைத்துக்கொண்டு, மறு கையால் அந்த ஒரே துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"யாராவது முதல்ல இந்தத் துண்டைப் பொண்ணோட அப்பாகிட்டக் குடுங்களேன்!" என்று அவள் ஊருக்கே கேட்கக் கத்தினாள். "எங்க வீட்டுக்காரர் ஈரத்தோட நிக்கட்டும், சம்பந்திக்குச் சளி பிடிச்சா கல்யாணமே தள்ளிப்போகும்!"